தாத்தாவின் பேனாக்கத்தியும் தேய்மானக் கணக்கும்

"பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிக்கொண்டு வந்த வண்டிகளை இந்தக் காலத்துப் பிள்ளைகள் சினிமா காமெடியில்தான் பார்த்திருப்பார்கள். இப்போது பேரீச்சம்பழம் கிடையாது, ரொக்கம்தான். தராசும் டிஜிட்டல் ஆகிவிட்டது. ஆனால் கணக்கு மட்டும் அன்றைக்கு இருந்த அதே கணக்கு. என்ன பொருள் என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை கிலோ என்றுதான் கேட்கிறார்கள்.

அந்தத் தராசில் ஒரு பழைய பேனாக்கத்தியை வைத்துப் பாருங்கள். எடை 80 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 30 ரூபாய் என்றால் 2 ரூபாய் 40 காசு வரும். ஒரு டீக்குக்கூட ஆகாது. ஒரு மனிதர் முப்பது நாற்பது வருஷம் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த பொருளின் விலை இவ்வளவுதான்.

இரண்டு ரூபாய்க்காக யாரும் அதை விற்கப் போவதில்லை. தாத்தாவுடையது என்பதால் தூக்கி எறியவும் மனசு வராது. ஆகவே அது டிரங்குப் பெட்டிக்குள், பழைய ரேஷன் கார்டுக்கும் உடைந்த மூக்குக்கண்ணாடிக்கும் நடுவில் கிடக்கிறது. துருப்பிடித்து, திறக்கவே முடியாத நிலையில். அந்தக் கத்தியை என்ன செய்யலாம், முக்கியமாக என்ன செய்யவே கூடாது என்பதுதான் இங்கே பேச்சு.

ஏன் ஜவளகிரி?

இந்த விஷயத்தைப் பேச ஜவளகிரி மாதிரி பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம். கிருஷ்ணகிரி மாவட்டம், தேன்கனிக்கோட்டை வட்டம், தமிழ்நாட்டின் வடமேற்கு ஓரம். கொஞ்சம் நடந்தால் கர்நாடகா. ராகி விளையும் பருவத்தில் பன்னேருகட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி வழியாக இறங்குவது வருஷா வருஷம் செய்தித்தாளில் வரும் சமாச்சாரம். ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் வயல். இன்னொரு பக்கம், தளியைத் தாண்டிப் போனால், 1970-களில் சிப்காட் வந்த பிறகு ஆளே மாறிப்போன ஓசூர்.

மூன்று மொழி புழங்கும் வட்டாரம் இது. தமிழில் பேனாக்கத்தி, மடக்குக்கத்தி. கன்னடத்திலும் தெலுங்கிலும் அதே கத்திக்கு 'சாக்கு' என்று பெயர். பாரசீகத்திலிருந்து வந்த சொல். (தமிழ்க் காதுக்கு அது கோணிப்பையாகவோ நொண்டிச்சாக்காகவோ கேட்டால் கம்பெனி பொறுப்பல்ல.)

இந்தப் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தாத்தாவுக்கு ராகிக் காடு, நாலு ஆடு, இடுப்பில் ஒரு மடக்குக்கத்தி. ஆட்டுக்குத் தழை ஒடிக்க, கயிறு அறுக்க, பாக்கு நறுக்க, மூட்டையின் தையலைப் பிரிக்க, பேரனுக்கு மாங்காய் சீவிக் கொடுக்க எல்லாவற்றுக்கும் அதே கத்தி. அப்பா தலைமுறையில் ஒருவர் நிலத்தில் இருந்தார், ஒருவர் சிப்காட்டுக்குப் போனார். பேரன் ஓசூரில் ஷிப்டு வேலைக்குப் போகிறான். நிலத்தில் பாதி கைமாறியாயிற்று. ஆடு இல்லை. ஏர், கலப்பை, மண்வெட்டி எல்லாம் தராசுக்குப் போய்விட்டன. கத்தி மட்டும் தப்பித்தது. அதை யாரும் பெரிதாகப் போற்றியதால் அல்ல. சிறியதாக இருந்ததால் யார் கண்ணிலும் படாமல் தப்பித்தது.

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் சர்வே எண் இருக்கும், கிணற்றில் பாதி இருக்கும், எந்த மாமரம் யாருக்கு என்பதுகூட இருக்கும். கத்தி இருக்காது. பத்திரத்தில் ஏறாத சொத்துக்கு ஒரு வசதி உண்டு. அதற்காக அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள். ஒரு ஆபத்தும் உண்டு. அது காணாமல் போனால் யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

கத்திக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு

பேனாக்கத்தி என்ற பெயரே ஒரு வரலாறு. இறகுப் பேனாவின் முனையைச் சீவத்தான் ஐரோப்பாவில் இந்தச் சின்னக் கத்தி பிறந்தது. பேனா மாறிவிட்டது, பெயர் தங்கிவிட்டது.

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பொருள்தானே என்று நினைத்தால் பாதிதான் சரி. தமிழ்நாட்டில் பனையோலையில் எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. உ.வே.சாமிநாதையர் தம் 'என் சரித்திரம்' நூலில் அதை விவரிக்கிறார். (1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது.) ஒரு பக்கம் ஓலையை வாரும் கத்தி, மறுபக்கம் எழுத்தாணி, இரண்டையும் மடக்கி நடுவில் இருக்கும் பிடிக்குள் அடக்கிவிடலாம். பிடி மரத்தாலோ கொம்பாலோ தந்தத்தாலோ இருக்கும். யோசித்துப் பார்த்தால் ஆச்சரியம்தான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு ஊர்களில் மடக்குக்கத்தி எழுதுகிறவன் கைக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

இரும்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதே கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புப் பொருட்களின் காலம் பொ.ஆ.மு. 2172 வரை போகிறது என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் சிவகளை முடிவுகள் வந்து அதையும் பின்னுக்குத் தள்ளியது வேறு கதை. சேலம் கஞ்சமலை இரும்பு, மூசையில் உருக்கிய தென்னிந்திய எஃகு எல்லாம் உலகப் பிரசித்தம். அந்த எஃகுக்கு ஆங்கிலேயர்கள் வைத்த 'வூட்ஸ்' என்ற பெயர் கன்னடத்து 'உக்கு'விலிருந்து வந்தது என்பார்கள். லண்டனில் கத்தி செய்து விற்ற ஸ்டோடார்ட், மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து 1820 வாக்கில் அதன் ரகசியத்தை ஆராய்ந்து கொண்டிருந்தார். மின்சாரத்துக்குப் பேர்போன அதே ஃபாரடேதான்.

பிறகு காற்று திசை மாறியது. எஃகு இங்கிருந்து போன காலம் முடிந்து, முத்திரை குத்திய கத்திகள் அங்கிருந்து வர ஆரம்பித்தன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும் கத்திக்குப் பெயர் போன ஊர்கள். இதில் வணிகவியல் படிப்பவர்களுக்குச் சுவையான ஒரு துணுக்கு உண்டு. ஷெஃபீல்டு பெயரைப் போட்டு ஜெர்மன் கத்திகள் விற்கப்படுகின்றன என்ற கூச்சல் எழுந்ததும் 1887-ல் பிரிட்டன் ஒரு வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டுச் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று அச்சிட வேண்டும் என்றார்கள். மட்டம் தட்டுவதற்காகப் போடவைத்த 'மேட் இன் ஜெர்மனி' பின்னாளில் தரத்தின் முத்திரையாகிவிட்டது. டிரங்குப் பெட்டியிலிருக்கும் கத்தியைத் திறக்க முடிந்தால், அலகு பிடியோடு சேரும் இடத்தில் இப்படி ஏதாவது எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தே இல்லாவிட்டால் பக்கத்து ஊர்க் கொல்லர் அடித்ததாக இருக்கலாம். அப்படியென்றால் அதன் மதிப்பு இன்னும் கூடுதல். ஏனென்றால் அந்த மாதிரி இன்னொன்று எந்தக் கடையிலும் கிடைக்காது.

மூன்று வகைத் தேய்மானம்

இனி மேட்டருக்கு வருவோம். தமிழ்வழியில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு 'தேய்மானம்' என்ற சொல் மனப்பாடம். சொத்தின் மதிப்பு படிப்படியாகக் குறைவது. நேர்கோட்டு முறை, குறைந்துசெல் மதிப்பு முறை என்று இரண்டு வழிகளில் கழிப்பார்கள். 100 ரூபாய்க் கத்தியை ஆண்டுக்கு 15 சதவீதம் வீதம் குறைந்துசெல் முறையில் கழித்தால் 10 ஆண்டில் 19 ரூபாய் 69 காசு. 30 ஆண்டில் 76 காசு! 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் அட்டவணை 2 பொதுவான இயந்திரங்களுக்கு 15 ஆண்டு ஆயுள்தான் தருகிறது. அதற்குப் பிறகு எஞ்சிய மதிப்பு சாதாரணமாக அடக்கவிலையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

ஏட்டுப்படி பார்த்தால் தாத்தா கத்தி செத்துப் பல வருஷம் ஆகிறது. ஆனால் தீட்டினால் வெட்டும். புத்தகத்தில் செத்துவிட்ட சொத்து கையில் உயிரோடு இருக்கிறது.

அதே பாடப்புத்தகம் தேய்மானத்துக்குக் காரணங்களும் சொல்லும். காலம் கழிவது ஒன்று. பயன்படுத்துவது ஒன்று. வழக்கொழிந்து போவது இன்னொன்று. பழைய கத்தியைச் சரிசெய்ய நினைப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த மூன்றும் வேறு வேறு என்பதைத்தான். காலத்தின் தேய்மானம் துரு. அதை அகற்ற வேண்டும். உழைப்பின் தேய்மானம் அலகு ஒடுங்கியிருப்பதும் பிடி வழவழத்திருப்பதும். அதைத் தொடவே கூடாது. மூன்றாவது, அதாவது வழக்கொழிவு, கத்தியில் இல்லை. நம் பழக்கத்தில் இருக்கிறது.

முதலாவது: துரு

செம்பழுப்பு நிறத்தில் பொருக்காக உதிர்வதுதான் நிஜமான எதிரி. அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உள்ளே தின்றுகொண்டே போகும். ஆனால் பழைய அலகில் சாம்பலும் கறுப்பும் நீலமும் கலந்த ஒரு மங்கல் இருக்குமே, அது துரு அல்ல. கத்திக்குக் கவசம் அது. வாழைக்காய் நறுக்கினால் இரும்புக் கத்தி கறுத்துப்போவதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். பாக்கு, மாங்காய் எல்லாம் அதே வேலையைச் செய்யும். அவற்றின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியதும் இதே ரசாயனம்தான். முப்பது வருஷம் பாக்கும் மாங்காயும் நறுக்கிய கத்தியின் கறுப்பு, தாத்தா எழுதிய மை என்றே சொல்லலாம்.

ஆகவே செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம்:

கத்தி திறக்கவில்லை என்றால் குறடு போட்டு இழுக்காதீர்கள். அலகு ஒடியும், இல்லை என்றால் பின்பக்க ஸ்பிரிங் ஒடியும். மூட்டில் மண்ணெண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விட்டு ஓரிரு நாள் வையுங்கள். மறுபடி விடுங்கள். அது தானாக வழிக்கு வரும். வரும்போது பல வருஷத்து வேட்டி நூலும் மண்ணும் சேர்ந்து கறுப்பாக வழியும். அதை மூங்கில் குச்சியால் நோண்டி எடுங்கள். இரும்பு ஊசி வேண்டாம்.

செந்துருவை எண்ணெய் தொட்ட மெல்லிய கம்பி நாரால் தேய்த்தால் போதும். உப்புத்தாள் கடைசி ஆயுதம். புளி, எலுமிச்சை, வினிகரில் ஊறப்போட்டால் துரு சுலபமாகப் போகும், உண்மைதான். கூடவே அந்தக் கறுப்புக் கவசமும் போய்விடும். நேரம் கூடினால் எஃகையும் அரிக்கும்.

கடைசியில் துடைத்து, உலர்த்தி, எண்ணெய். எந்த எண்ணெய் என்பதில் கவனம் தேவை. நல்லெண்ணெய் நாள்பட நாள்பட பிசினாகிவிடும், மூட்டு ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் அலகில் மெலிதாகத் தடவ நல்லது, பழம் நறுக்கினாலும் பயமில்லை. ஆனால் சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூர் வட்டாரத்தில் மார்கழிக் காலையில் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைக்காத வீடு ஏது? அதனால் மூட்டுக்கு மெஷின் எண்ணெய், அலகுக்குத் தேங்காய் எண்ணெய்.

இவ்வளவுதான். செலவு ஐம்பது ரூபாய்க்குள். வணிகவியல் மொழியில் இது வருவாயினச் செலவு. சொத்தின் மதிப்பைக் கூட்டுவதற்காகச் செய்வதில்லை, அதை வேலை செய்யும் நிலையில் வைத்திருப்பதற்காகச் செய்வது.

இரண்டாவது: உழைப்பு

யூடியூபில் பழைய பொருட்களைப் புதுப்பிக்கும் வீடியோக்கள் கோடிக்கணக்கில் பார்க்கப்படுகின்றன. துருப்பிடித்த கத்தி ஒன்று வரும். மெஷினில் தேய்ப்பார்கள், பஃப் அடிப்பார்கள், பிடியை உடைத்து வழவழ ரெசினில் புதுப்பிடி போடுவார்கள். பத்தாவது நிமிடம் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி பளபளக்கும். பார்க்க சுகம், மறுக்கவில்லை. ஆனால் அது வேறு கத்தி. அதைத் தாத்தாவின் கத்தி என்று சொல்வது, ஓட்டு வீட்டை இடித்து அபார்ட்மெண்ட் கட்டிவிட்டு 'பூர்வீக வீடு' என்பதைப் போலத்தான்.

எஃகுக்கு ஒரு குணம் உண்டு. போனால் வராது. மரத்துக்குத் துண்டு போடலாம், சுவருக்குப் பூசலாம், தேய்ந்த அலகுக்கு யாரும் எஃகைத் திருப்பித் தர முடியாது. தாத்தா வாரத்துக்கு ஒரு முறை கல்லில் நாலு இழுப்பு இழுத்து முப்பது வருஷத்தில் கரைத்ததை, சுழலும் மெஷின் ஐந்து நிமிடத்தில் கரைத்துவிடும். (மாவாட்டும் கிரைண்டரைச் சொல்லவில்லை, வெல்டிங் பட்டறைக் கிரைண்டர்.)

கரைவது மட்டும் இல்லை. சூடு இன்னொரு ஆபத்து. எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தோய்த்து, மறுபடி அளவாகச் சூடேற்றித்தான் கொல்லர் பதம் ஏற்றியிருப்பார். மெஷின் கல்லில் தண்ணீர் தொடாமல் அழுத்திப் பிடித்தால் மெல்லிய வாய் நொடியில் சூடாகும். வைக்கோல் நிறம் வரும், அடுத்து நீலம் வரும். நீலம் வந்துவிட்டால் சுமார் 300 டிகிரி தொட்டாயிற்று, அந்த இடத்தில் பதம் போயிற்று என்று பொருள். பிறகு எவ்வளவு தீட்டினாலும் அரை நாளில் மழுங்கும். "சாணை பிடிச்சுக் கொடுத்தார், நிக்கவே மாட்டேங்குது" என்று வீட்டில் கேட்கும் புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம். சாணை பிடிப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவசரமாகப் பளபளப்புக் கேட்பவர்கள் வாடிக்கையாளர்கள்தான். சக்கரத்தைக் காலால் மிதித்து நிதானமாகப் பிடித்துத் தந்தவருக்கு ஒரு கத்திக்கு என்ன கொடுத்தோம், எவ்வளவு பேரம் பேசினோம் என்று யோசித்தால், அவர் பிள்ளை ஏன் அந்தத் தொழிலுக்கு வரவில்லை என்பது புரியும்.

வீட்டிலேயே செய்யலாம். ஒரு சாணைக்கல், ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ். கல்லை நனைத்து, அலகைக் கல்லிலிருந்து 15 முதல் 20 டிகிரி சாய்வில் வைத்து, ஒரே சாய்வில் இழுக்க வேண்டும். மறுபக்கம் விரல் வைத்தால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். தட்டுப்பட்டதும் பக்கம் மாற்ற வேண்டும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்பக்கமாக நாலு இழுப்பு. பழைய கார்பன் எஃகுக் கத்திகளின் சிறப்பே சட்டென்று கூர் ஏறுவதுதான். துருப்பிடிப்பது அதற்குக் கொடுக்கும் விலை.

அலகு நடுவில் குழிந்து பிறை மாதிரி ஆகியிருந்தால் அதை நேராக்க வேண்டாம். பிடியின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அதை நிரவ வேண்டாம். அவர் வலது கைக்காரரா இடது கைக்காரரா, அலகின் எந்தப் பகுதியால் அதிகம் வேலை செய்தார், எவ்வளவு அழுத்தித் தீட்டினார் என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கிறது. போட்டோ எடுத்துக்கொள்ளாத தலைமுறை அது. பல வீடுகளில் தாத்தாவுக்கு இருப்பது ஒரு கல்யாண குரூப் போட்டோவும் வாக்காளர் அட்டையும்தான். அவர் கை எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் பிடியைத் தவிர வேறு சாட்சி இல்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். பிடி உடைந்தே போயிருந்தால்? அலகே ஒடிந்திருந்தால்? பிரெஞ்சுக்காரர்கள் 'ஜானோவின் கத்தி' என்று சொல்லிச் சிரிப்பார்கள். அலகையும் மாற்றி, பிடியையும் மாற்றி, மறுபடி அலகை மாற்றி, இன்னும் அதே கத்தி என்று சாதிப்பவனின் கதை. இதற்குத் தத்துவவாதிகள் ஆயிரம் பதில் சொல்வார்கள். நடைமுறைப் பதில் ஒன்று போதும்: எது இல்லாமல் வேலை நடக்காதோ அதை மட்டும் மாற்றுங்கள், எடுத்ததைப் பத்திரமாக வையுங்கள். ஆணி தளர்ந்தால் ஆணியை மட்டும் மாற்றலாம். ஒரு பக்கப் பலகை உடைந்தால் ஒரு பக்கம் மட்டும். புதுப்பலகை புதிதாகவே தெரிந்தால் தப்பில்லை. அது பேரன் காலத்து வேலை என்று அதுவே சொல்லும்.

பிடி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய பிடி எருமைக் கொம்பு என்றால் பிரச்சினை இல்லை. மான் கொம்பு, தந்தம் என்றால் விளையாட்டு வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடுவில் நிற்கிறது. விற்பதும் வாங்குவதும் குற்றம். பக்கத்துக் காட்டில் உதிர்ந்து கிடக்கும் கொம்பை எடுத்துப் பிடி போடலாம் என்ற யோசனையும் அப்படியே. அப்படிப்பட்ட பிடி வீட்டில் இருந்தால் வனத்துறையிடம் கேட்டுவிடுவதே உத்தமம்.

மூன்றாவது: வழக்கொழிவு

"எல்லாம் சரி, இந்தக் காலத்தில் கத்தி எதுக்கு?" இதுதான் உண்மையான கேள்வி.

கத்தி என்றாலே ரவுடி என்ற எண்ணம் வந்துவிட்டது. அதில் சினிமாவின் பங்கு பெரிது. உத்தரப் பிரதேசத்து ராம்பூரில் செய்த கத்தி இந்தி சினிமா வில்லன்கள் கையில் புகழ்பெற்றது. தொழில் நலிந்து போன பிறகு 2023 மார்ச்சில் அதே ஊர் நாற்சந்தியில் 20 அடிக் கத்தியை நினைவுச்சின்னமாக நிறுத்தியிருக்கிறார்கள். சின்னம் பெரிதாகவும் தொழில் சிறிதாகவும் ஆவது அங்கே மட்டும் நடப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2016 ஆயுத விதிகள் கத்தி விஷயத்தில் பேசுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைப் பற்றி. அதிலும் வீட்டு வேலை, விவசாய வேலைக்கானவற்றுக்கு விலக்கு உண்டு. மூன்று அங்குலப் பேனாக்கத்தி அந்தப் பக்கமே வராது. அதற்காக எங்கும் கொண்டுபோகலாம் என்று அர்த்தமில்லை. விமானத்தில் கைப்பையில் கூடாது. ஓசூர்க்காரர்கள் 2025 ஆகஸ்டிலிருந்து பொம்மசந்திராவில் போய் மெட்ரோ பிடிக்கிறார்கள். அங்கே ஸ்கேனரில் கத்தி தெரிந்தால் ரயில் போய்விடும், ஆள் நிற்க வேண்டியதுதான். தொழிற்சாலை கேட்டிலும் அதே கதை. தாத்தாவின் இடுப்பு எந்தக் கேட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பேரனின் பாக்கெட் ஒரு நாளைக்கு நாலு கேட்டைத் தாண்டுகிறது. கத்தி பாக்கெட்டிலிருந்து பெட்டிக்குப் போனதற்குச் சோம்பல் மட்டும் காரணம் இல்லை.

அதனால் பாக்கெட்டில் திரும்ப வைக்கச் சொல்வது அசட்டுத்தனம். வீட்டில் அதற்கு ஒரு வேலை கொடுக்கலாம். பழம் நறுக்க. பார்சல் பிரிக்க. தோட்டம் இருந்தால் ஒட்டுக் கட்ட. மாவுக்குப் பேர்போன கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தளிப் பக்கம் பசுமைக்குடில்களில் ரோஜா வளர்க்கும் வட்டாரத்தில், கூர்மையான சின்னக் கத்திக்கு வேலை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒட்டுக் கட்டுபவருக்கு வேண்டியது ஒரே இழுப்பில் நார் கிழியாமல் வெட்டும் வாய். பழைய கார்பன் எஃகு அதற்கென்றே செய்தது மாதிரி.

"உபயோகித்தால் இன்னும் தேயுமே, ஷோகேஸில் வைக்கலாமே" என்பவர்கள் உண்டு. அவர்கள் பாசம் புரிகிறது. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் காற்று உண்டு, ஈரம் உண்டு, துரு உண்டு. தினம் கையில் எடுத்துத் துடைக்கப்படும் கத்திதான் துருப்பிடிக்காது. இன்னொன்று, ஷோகேஸில் வைத்த கத்தியைப் பற்றிப் பிள்ளைகள் ஒரே ஒரு முறைதான் கேட்பார்கள். மாங்காய் நறுக்கும் கத்தியைப் பற்றி வருஷா வருஷம் கேட்பார்கள்.

கேட்கும்போது சொல்வதற்கு ஆள் வேண்டும். அவசரம் என்று ஒன்று இருந்தால் அது இதில்தான் இருக்கிறது. துரு நாளைக்கும் காத்திருக்கும். பாட்டி காத்திருக்க மாட்டார். அந்தக் கத்தி எந்தச் சந்தையில் வாங்கியது, யார் அடித்தது, அலகில் இருக்கும் அந்தப் பல்லு எப்படி விழுந்தது என்பதெல்லாம் இப்போது ஒரே ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கும். எண்ணெய் போடும் வேலையை அவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்தால் பாதிக் கதை தானாக வரும். வந்ததை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கத்தியோடு வைத்தால் பத்திரத்தில் ஏறாத சொத்துக்கு அதுவே பத்திரம்.

கத்தியைக் கையில் நேராகக் கொடுக்கக் கூடாது, கீழே வைத்தால் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சண்டை வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பல வீடுகளில் தாத்தா கீழே வைத்துவிட்டார். இன்னும் யாரும் எடுக்கவில்லை.

ஆயுத பூஜை அன்றைக்கு ஓசூர்த் தொழிற்சாலைகளில் கோடி ரூபாய் மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு, வீட்டில் அரிவாள்மனைக்கும் உண்டு. அடுத்த பூஜைக்கு அந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஒரு வாரம் முன்னாலேயே மூட்டுக்கு எண்ணெய் விட்டு, கல்லில் நாலு இழுப்பு இழுத்து வையுங்கள். பூஜை முடிந்ததும் படைத்த கொய்யாப்பழத்தை அதே கத்தியால் நறுக்கி எல்லாருக்கும் கொடுங்கள். பிறகு மறக்காமல் துடைத்து வையுங்கள், ஈரம் ஆகாது.